ஹாலிதா வாங்கிய வீட்டு வண்டி

“அந்த மாமா எப்ப உம்மா போவாங்க?”

நான்கு வயது நஜீஹா கேட்டது உம்மாவிடம். விரல் நீட்டியது தன் சொந்த வாப்பாவை நோக்கி. இடியாப்பத்தில் கை வைத்திருந்த கௌஸ் முகைதீன் சிரித்தார். அழத் தெரியாத ஆம்பிளை சிரிக்கிற சிரிப்பு அது. அடுப்படியில் நின்ற ஹாலிதா இன்னொரு இடியாப்பத்தைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள்.

பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவள் பிறந்த வருசம்தான் அவருக்கு அபுதாபிக்கும் அப்பால் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, தங்குவதற்குப் பேச்சலர் கேம்ப். குடும்ப வீடு பெரிய இன்ஜினியர்களுக்கு மட்டும்தான். அதனால் ஹாலிதாவும் மகளும் ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை வீட்டில் கிடந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வியாழன் சாயங்காலம் டியூட்டி முடித்து, மூன்று டாக்ஸி மாறி அவர் வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு, சோறு தின்ற கையோடு கிளம்பினால்தான் சனிக்கிழமை காலை டியூட்டிக்கு நிற்க முடியும். மாசத்துக்கு இரண்டு அரைநாள் வந்து போகிற மனிதரைப் பிள்ளை மாமா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

அன்று அவரை வழியனுப்பிவிட்டு வந்த ஹாலிதா ஒரு முடிவுக்கு வந்தாள். அவரால் இங்கே வந்து இருக்க முடியாதென்றால் நாம் அங்கே போக வேண்டும். அங்கே தங்க இடம் இல்லையென்றால் இடத்தையும் கூடவே கொண்டு போக வேண்டும்.

பைத்தியக்கார யோசனைதான். ஆனால் ஹாலிதா பைத்தியக்காரியல்ல, பிடிவாதக்காரி. சாதாரணமானவர்கள் இரண்டாவது முறையோடு விட்டுவிடும் டிரைவிங் டெஸ்ட்டை ஐந்தாவது முறையில் பாஸ் பண்ணியவள். “கார் இல்லாதவளுக்கு லைசென்ஸ் எதுக்குடி? மொட்டத்தலைக்குச் சீப்பா?” என்று பக்கத்து வீட்டு ரஹீமா பீவி கேட்டபோது, “முடி முளைக்கும் லாத்தா” என்று சொல்லிவிட்டு வந்தவள்.

முடி முளைத்தது சூப்பர் மார்க்கெட் சுவரில். அங்கே விற்பனைக்கு உண்டு என்று ஒட்டியிருந்த காகிதங்களுக்கு நடுவே ஒரு போட்டோ. ஜெர்மனியில் செய்த பழைய டீசல் வேன், பதினேழு வயசு. உள்ளே இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணித் தொட்டி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கழிப்பறை. வெள்ளைக்காரர்கள் மோட்டார் ஹோம் என்பார்கள். ஹாலிதா அதை வீட்டு வண்டி என்றாள். வைத்திருந்தவர் ஹென்ட்ரிக் என்கிற ஹாலந்துக்காரர். அவருக்கு சவூதியில் அல் கோபாருக்கு மாற்றல் வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் போகிறார்.

அடுத்த முறை கௌஸ் முகைதீன் வந்தபோது போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். கூடப்பிறந்தவன் வீடானாலும் சொல்லி அனுப்பாமல் வாசல் மிதிக்காத ஊர். ஆகவே அவர் மரியாதையாகப் போன் செய்து, வெள்ளிக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்கு வருகிறோம் என்று சொல்லி வைத்தார். அந்த மரியாதையில்தான் வினை இருந்தது.

போனார்கள். பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள்? வீடு பார்த்தார்கள்! காயலில் வீடு என்பது பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஆக, வீடு பார்க்கிற கண் அந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஹாலிதா அலமாரிகளைத் தட்டினாள், குழாயைத் திறந்தாள், அடுப்பை ஏற்றி அணைத்தாள், மெத்தையை முகர்ந்தாள். கௌஸ் முகைதீன் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டிலில் படுத்தால் கால் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் வருமா என்று கேட்டார். ஹென்ட்ரிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது வண்டியை நீங்கள் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார்.

பிறகு சாவியைப் போட்டார். ஒரே திருப்பில் என்ஜின் எழுந்தது. மூன்று வாரமாகத் தொடவே இல்லை, பாருங்கள் எப்படி எடுக்கிறது என்று பெருமைப்பட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். தேநீர் குடித்த வீட்டில் முகத்தை முறிக்க கௌஸ் முகைதீனுக்குத் தெரியாது. கையைக் கொடுத்தார், வாக்கையும் கொடுத்தார், கொஞ்சம் அட்வான்ஸும் கொடுத்தார். ஒருவரும் பானெட்டைத் திறக்கவில்லை.

அவர் ருவைஸுக்குப் போன மறுநாள், தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்த ஹாலிதாவின் கை பாதியில் நின்றது. கிளம்பும்போது நஜீஹா வண்டியின் மூக்கில் கை வைத்துவிட்டு, “சுடுது உம்மா” என்று இழுத்துக்கொண்டாளே! ஐந்து நிமிசம் ஓடினதற்கா பானெட் சுடும்? அதுவும் ஜனவரி மாசக் குளிரில், நிழலில் நின்ற வண்டி. மூன்று வாரம் தொடாத வண்டி.

வாரா வாரம் அவளிடம் தோசை மாவு வாங்க வருகிறவர் வேலுச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் டீசல் மெக்கானிக். அன்று மாவை வாங்கிக்கொண்டு நின்றவரிடம் விசயத்தைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“போன் பண்ணிட்டா போனீய? வெளங்கும்! நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருப்பான்க்கா. சூட்டுல எந்தச் சண்டி மாடும் எந்திரிக்கும். டீசல் வண்டிய விடியக்காலைல பாக்கணும். ராத்திரி பூரா ஆறிக் கெடந்த என்ஜினு பொய் சொல்லாது.”

“அப்ப நாளைக்கு விடியக்காலைல போவோம் தம்பி.”

“சொல்லிட்டா?”

“சொல்லாம.”

அன்று ராத்திரி கேம்ப் போனிலிருந்து கூப்பிட்ட கணவர் பதறிப்போனார். “வாக்குக் குடுத்தாச்சே ஹாலிதா. காலங்காத்தால ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நின்னா என்ன நெனப்பாங்க?”

“வாக்கு வண்டிக்குத்தானே குடுத்தீங்க மச்சான்? ஏமாறுறதுக்குக் குடுக்கலயே? நடுப் பாலைவனத்துல புள்ளையோட நான் நின்னா, அப்ப யாரு என்ன நெனப்பாங்கன்னு கொஞ்சம் யோசிங்க.”

“பத்திரமாப் போயிட்டு வா” என்றார் அவர்.

சுபுஹு தொழுத கையோடு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். வேலுச்சாமி தன் பிக்கப்பில் முன்னாலேயே வந்து நின்றார். சொல்லாமல் வந்து பெல்லை அழுத்துவது வெட்கம்தான். ஆனாலும் அழுத்தினாள். தூங்கின தலையோடு வந்த ஹென்ட்ரிக், பானெட்டில் உள்ளங்கையை வைத்து நிற்கிற வேலுச்சாமியைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துகொண்டார்.

வேலுச்சாமி சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது தடவை தொண்டை கட்டினது போல இருமியது. வெள்ளைப் புகை தெருவையே மறைத்தது. உடனே செத்துப்போனது. எதிர் வில்லாவில் ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவரின் முகம் சிவந்தது. ஹாலிதாவிடம் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: “நீங்கள் வருவதாகப் போன் செய்தீர்கள். விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டி வைப்பதில்லையா? அதுபோலத்தான்.”

ஹாலிதாவின் ஆங்கிலம் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணுகிற அளவுக்குத்தான். அதை வைத்தே சொன்னாள்: “விருந்தாளி அரை மணி நேரத்தில் போய்விடுவாள். நான் இதில் குடியிருக்கப் போகிறேன்.”

அதற்குள் வேலுச்சாமி, ஆறின என்ஜினைச் சூடாக்குகிற நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றித் துணியில் பரப்பியிருந்தார். மூன்று எரிந்துபோயிருந்தன. பிறகு அவற்றைத் திரும்ப மாட்டி, தன் பிக்கப்பிலிருந்து பேட்டரிக்கு வயர் போட்டு எப்படியோ ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, அதன் வாய்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருந்தது. ஹாலிதா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். இந்த வண்டி இல்லையென்றால் வேறு வண்டிக்கு வழியில்லை. வேறு வண்டி வருகிறவரைக்கும் பிள்ளை வளராமல் காத்திருக்கப் போவதும் இல்லை.

“அக்கா, நெஞ்சு நல்லாருக்கு. கம்ப்ரெசன்ல கொறை இல்ல. ஹீட்டர் பிளக்கு, பேட்டரி, அப்புறம் டயரு. டயரு தேயல, ஆனா வெயில்ல வெடிப்பு விட்டுருக்கு பாருங்க. இத மாத்தாம ருவைஸ் ரோட்டுல ஏறாதீய.”

ஹென்ட்ரிக் பெருமூச்சுவிட்டு, விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேதான் பேரத்தை ஆரம்பித்திருப்பார்கள்.

“விலை பேசினது பேசினதுதான், என் மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டார். ரிப்பேர் உங்கள் பொறுப்பு. இவர்தான் செய்வார். செய்து முடித்ததும் மூன்று விடியற்காலை நான் வந்து கை வைத்துப் பார்ப்பேன். என்றைக்கு வருவேன் என்று சொல்லமாட்டேன். மூன்று நாளும் ஆறின வண்டி முதல் திருப்பில் எடுக்க வேண்டும். ஒருநாள் எடுக்காவிட்டாலும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பின்னால் நின்ற அவர் மனைவி டச்சு பாஷையில் ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எல்லா பாஷையிலும் மனைவிமார் சொல்கிற வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். மனிதர் தலையாட்டிவிட்டார்.

முதல் விடியலில் எடுத்தது. இரண்டாவது விடியலில், ரோலாவில் மழை தூறிக்கொண்டிருந்த நாளில், எடுத்தது. மூன்றாவது முறை அவள் வேண்டுமென்றே ஒரு வாரம் கழித்துப் போனாள். பானெட் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. இந்த முறை சாவியைத் தானே வாங்கிக்கொண்டு ஏறினாள். ஹீட்டர் விளக்கு அணைகிறவரை பிஸ்மி சொல்லிக் காத்திருந்து திருப்பினாள். என்ஜின் எழுந்தது. ஹாலிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஓகே, மிஸ்டர் ஹென்ட்ரிக்” என்றாள்.

பதிவு யார் பெயரில் என்று கணவரைப் போனில் கேட்டாள்.

“இதென்ன கேள்வி? வீடு பொம்பளைக்குத்தானே? நான் மாப்பிள்ளையா வந்து இருந்துக்கிறேன்.”

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு ரொம்ப முன்னாலேயே கிளம்பினாள். ரஹீமா பீவி மாடியிலிருந்து இறங்கிவந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கிண்டல் ஒன்றும் வாயில் வராமல், ஊறுகாய் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். அபுதாபி தாண்டியதும் ரோடு நேராகக் கிடந்தது. எண்பதுக்கு மேல் வண்டி போகாது, அவளும் போகச் சொல்லவில்லை. லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. காற்று வந்து விலாவில் மோதும்போதெல்லாம் கைவலிக்க ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஆறரை மணி நேரம். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, தன் முழங்கால்களைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.

கேம்ப் கேட்டுக்கு வெளியே கௌஸ் முகைதீன் நின்றார். டியூட்டி சட்டையைக்கூட மாற்றவில்லை. அவர் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு வருசம் ஆகியிருக்கும். அவர்கள் முகத்தைப் பார்க்க ஹாலிதாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடலோரமாக வண்டியை நிறுத்தினார்கள். அவர் படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது.

“செருப்ப வெளிய கழட்டுங்க வாப்பா. இது எங்க வீடு!”

ரோலாவில் அவர் வந்தால் அடுப்படிக்குள் ஓடி ஒளிகிற பிள்ளை! அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அனுமதி கேட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு அவர் கண்விழித்திருந்த நேரமெல்லாம் நஜீஹா அவரை வேலை வாங்கினாள். மறுநாளும் வாங்கினாள். தண்ணீர் பிடித்தார், மெத்தையை உதறினார், மணலில் கிணறு தோண்டினார். டாக்ஸி பிடிக்கிற அவசரமில்லாமல், ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உறங்கினார். ஹாலிதா மீன் பொரித்துக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தபடி இருந்தாள். மீன் கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் போனால் முழு வழியும் இருட்டில் ஓட்ட நேரும். கேம்ப் கேட்டில் அவரை இறக்கிவிட்டு, அவள் ஸ்டியரிங்கில் ஏறினாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை எடுக்கிற வழியைக் காணோம்.

“ஹாலிதா, நிக்கிறவங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?”

“ஆமா. நாலு வருசமா இப்படித்தான் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியாதே புள்ள.”

“அதான் தெரியட்டும்னு கூட்டிட்டு வந்து காட்டுறேன். கைய எடுங்க மச்சான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வண்டி நகர்ந்தது. ரோலாவில் டாக்ஸி ஏறிய பிறகு ஒருநாள்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. கல்நெஞ்சு என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை அவள் மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இப்போது பின்பக்கம் காட்டுகிற கண்ணாடி இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

பின் கட்டிலில் ஏறி, பெரிய ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நஜீஹா சொன்னாள்: “உம்மா, வாப்பா இன்னும் நிக்கிறாங்க.”

ஹாலிதா இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள்.

“இப்பவும் நிக்கிறாங்களா?”

“நிக்கிறாங்க உம்மா. கைய ஆட்டாமயே நிக்கிறாங்க.”

“நீ ஆட்டுடா செல்லம்” என்றாள் ஹாலிதா. “எனக்கும் சேத்து ஆட்டு.”