மூன்றாவது விக்கல்

பிற்பகல் மூன்று மணிக்கு ட்ரம்பெட்காரருக்கு விக்கல் பிடித்தது.

நாலு மணிக்கு ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும். பதிவாக வேண்டியது வார்த்தையே இல்லாத ஒரு ஜாஸ்-ஃபங்க் இசை. பேஸ் கிடார் பதுங்கிப் பதுங்கி நடக்கும்; டிரம்ஸ் அதன் காலை வாரும்; கீபோர்டு நறுக் நறுக்கென்று வெட்டும். மூன்று இடங்களில் எல்லோரும் சட்டென்று நின்று தொடர வேண்டும். மூன்றாவது அமைதி முடிந்ததும் ட்ரம்பெட் தனியாக ஊதும். இத்தனை வருடம் கூட்டத்தோடு கோவிந்தா போட்டவருக்குக் கிடைத்த முதல் தனி.

தவறினால் அது சாக்ஸபோன்காரருக்குப் போகும். அவர் இவருடைய சகலை. இவர் கட்டியது அக்காவை, அவர் கட்டியது தங்கையை. மாமனார் வீட்டில் யாருக்கு முதல் மரியாதை என்ற வழக்கே இன்னும் தீரவில்லை.

பேஸ்காரர் தண்ணீர் கொடுத்தார். டிரம்ஸ்காரர் பின்னால் வந்து சிம்பலை அறைந்தார், பயந்தது பேஸ்காரர். யாரோ நினைக்கிறார்கள், பெயரைச் சொன்னால் நிற்கும் என்றார் கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவி. ட்ரம்பெட்காரர் மனைவியின் பெயரைச் சொன்னார். நிற்கவில்லை.

"என் வீட்டுக்காரி பேரை மட்டும் சொல்லிப் பாக்காதீங்க சகலை," என்றார் சாக்ஸபோன்காரர். "நின்னுட்டா வம்பு."

வந்தது வரட்டும் என்று தொடங்கினார்கள். முதல் அமைதியில், ஊசி விழுந்தால் கேட்கும் அறையில், "விக்." இரண்டாவதிலும் அதே இடத்தில், அதே சுருதியில். மூன்றாவதில் மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் வரவில்லை. பிறகு ஊதினார். உயிரைக் கொடுத்து ஊதினார்.

போட்டுக் கேட்டார்கள். இரண்டு விக்கலுக்கும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். அவருடைய தனி வந்தபோது டிரம்ஸ்காரர் தேநீர் உண்டா என்று விசாரித்தார்.

பாட்டுக்கு உயிரே விக்கல்தான் என்று தலைவி தீர்ப்பளித்தார். மூன்றாவது இடம் மட்டும் மொட்டையாக இருக்கிறது. இன்னும் ஒன்று போதும்.

"என் தனி எப்படி இருந்துச்சும்மா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க விக்குங்க."

ட்ரம்பெட்காரர் மைக் முன்னால் நின்றார். தண்ணீரை அவசரமாகக் குடித்தார். வறட்டு பிஸ்கட்டை விழுங்கினார். மனைவியின் பெயரைக் கூடச் சொல்லிப் பார்த்தார். தொண்டை சாதுவாக இருந்தது.

சாக்ஸபோன்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, மெல்ல வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"சகலை, எனக்கு லேசா வர்ற மாதிரி இருக்கு. மூணாவதை நான் எடுத்துக்கட்டுமா?"