கொடியை வெட்டக்கூடாது என்பதற்குச் சில பொய்க் காரணங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஊர்க் கூட்டத்தில் கிடைத்தது. அதை எழுதவே கூடாது என்று பிறகு என்னிடம் எல்லோரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு சலுகை கிடைத்தது. ஊர்ப் பெயர் வரக்கூடாது, ஆட்களின் பெயர்களை மாற்ற வேண்டும், தமிழில் மட்டுமே எழுத வேண்டும். தமிழில் எழுதினால் அபூர்வப் பறவைகளின் முட்டையைத் திருடிச் சேர்க்கிறவன் எவனும் படிக்கமாட்டான் என்பது அவர்கள் எண்ணம். தமிழில் எழுதினால் மற்றவர்களும் அவ்வளவாகப் படிப்பதில்லை என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே வாசகரே, இது வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர், மாதம் ஜூன். இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். அதற்கு மேல் துருவாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆப்பிரிக்காவிலிருந்து பாலையையும் கடலையும் தாண்டி, ஒரு கடிதத்தின் எடைகூட இல்லாத அந்தச் சின்னஞ்சிறு உயிர்—"

நிறுத்திவிட்டேன். புள்ளி ஈப்பிடிப்பான் என்கிற பறவையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை ஆப்பிரிக்காவிலிருந்துதான் கிளப்புகிறார்கள். பாதிக் கதை பயணத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது:

"க்வெண்டா பிரிட்சர்ட் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கூச்ச சுபாவம் உள்ள—"

இது சுத்தப் பொய். அவள் பர்மிங்காமில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். ஆசிரியை என்றால் வாசகருக்குச் சட்டென்று இரக்கம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

(இன்னொரு தொல்லை. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணியை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதும் எழுந்து போய் மேடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். 'அவள்' என்றால் பக்கத்தில் வருகிறாள். அவளுடைய மொழியில் இந்த வம்பே கிடையாது.)

3

க்வெண்டா இந்த ஊருக்கு வந்து இரண்டு குளிர்காலம் முடிந்திருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், வானிலை பேசினார்கள், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் போகும்வரை நின்றார்கள். ஒருவரும் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. (எனக்கும் இதே மரியாதை கிடைத்தது. ஆறாவது வருஷம் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது வேறு யாருடைய பெயரோ.)

மே மாதக் கடைசியில் ஒரு மதியம், தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். எதிரே ஒரு கல்லறைக் கல்லின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பறவை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. விருட்டென்று எழும்பியது, காற்றில் ஒரு திருகு திருகியது, அலகு மூடுகிற சத்தம் 'டிக்'கென்று கேட்டது, அதே கல்லுக்குத் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொண்டது.*

பஸ் ஓட்டாத நாளெல்லாம் பைனாகுலரும் கையுமாகச் சுற்றியவள் அவள். சின்ன வயதில் எந்தத் தோட்டத்திலும் பார்க்கக் கிடைத்த பறவை, பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் அவள் கண்ணில் படாமலே போயிருந்தது. "க்வெண்டா அழுதாள்" என்று எழுதி அடித்தேன். "சாண்ட்விச் கைநழுவி விழுந்தது" என்று எழுதி அதையும் அடித்தேன். நிஜத்தில், வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

தோட்டத்தின் வடக்குச் சுவர் முழுக்க ஐவிக் கொடி. பறவை அதற்குள் நுழைவதையும் வெளியே வருவதையும் பார்த்து, கூடு எங்கே என்று பிடித்துவிட்டாள். பிடித்ததும், பறவை பார்க்கிற எவரும் இந்த நாட்டில் செய்வதை அவளும் செய்தாள். வாயை மூடிக்கொண்டாள். கூட்டைக் கண்டால் யாரிடமும் சொல்லக்கூடாது. கேட்டாலும் சொல்லக்கூடாது. முட்டை திருடுகிறவனும், படம் எடுக்கிறேன் என்று இலையை ஒதுக்கிக் கூட்டைப் பாழாக்குகிறவனும் எங்கிருந்து வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

* புள்ளி ஈப்பிடிப்பான் என்று பெயர், ஆனால் வளர்ந்த பறவைக்கு உடம்பில் புள்ளியே கிடையாது, மாரில் லேசான கோடுகள்தான். குஞ்சுகளுக்குத்தான் புள்ளி. எவரோ அவசரத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் இந்தக் கதைக்கு மூன்று பெயர் மாற்றிவிட்டேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

4

ஒருநாள் அதே பெஞ்சில் கிளெமென்ட் வந்து உட்கார்ந்தார். மனைவியின் கல்லறைக்குப் பூ வைக்க வருகிற மனிதர். அந்த மாதம் மட்டும் தினமும் பூ வைத்தார்.

"நல்ல வெயில்," என்றார்.

"ஆமா. நீடிக்குமான்னுதான் தெரியல."

"நம்ம ஊர் வெயிலை நம்பி துணி காயப்போட முடியுமா?"

இருவரும் சுவர் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பக்கத்தையும் பார்த்தார்கள்.

"இங்க பறவை ஏதாச்சும் தட்டுப்படுதா?" என்று கேட்டார் கிளெமென்ட்.

"புறாதான்."

"ஆமாமா. புறா எக்கச்சக்கம்."

ஈப்பிடிப்பான் இரண்டு பேருக்கும் நடுவே பாய்ந்து, அவருடைய தொப்பிக்கு ஒரு சாண் மேலே ஒரு பூச்சியை 'டிக்'கென்று பிடித்துக்கொண்டு போனது. இருவருமே அதைப் பார்க்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பார்க்காமல் இருந்தார்கள்.

(மியூரியல் என்று ஒருத்தி தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். அவள் சுவர்ப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தே வாசிக்க ஆரம்பித்ததும் இதே காரணத்தால்தான். கூடு எனக்கும் தெரியும். அந்தப் பக்கமாக நடைபோகிற எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது.)

5

மெர்வினைக் கெட்டவராக எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவர் ஊர் மன்றத்தின் தலைவர், மழைக்காலத்தில் விடிவதற்குள் எழுந்து மற்றவர்கள் வீட்டுச் சாக்கடையில் இலை அள்ளுகிற ஆள். சிறந்த கிராமப் போட்டியில் போன வருஷம் எங்கள் ஊர் இரண்டாவதாக வந்தது. 'வடக்குச் சுவர் பராமரிப்பின்றி இருக்கிறது' என்று நடுவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த வரியை மெர்வினால் விழுங்க முடியவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை மாலை. ஊர் மன்றத்தில் தேநீரும் பிஸ்கட்டும் ஒரு சுற்று வந்து முடிந்தது.

"சனிக்கிழமை காலையில வடக்குச் சுவத்து ஐவிய மொத்தமா எடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் மெர்வின். "அடுத்த வாரம் நடுவருங்க வர்றாங்க. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

கிளெமென்ட் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அந்தச் சுவர ஐவிதான் தாங்கிப் புடிச்சிட்டிருக்கு," என்றார் கிளெமென்ட். "எடுத்தீங்கன்னா விழுந்துடும்."

"சுவர் நானூறு வருஷமா நிக்குது, கிளெமென்ட். ஐவி நேத்து வந்தது."

"தேனீக்கெல்லாம் அந்தப் பூ வேணும்ப்பா," என்றாள் மியூரியல்.

"ஐவி செப்டம்பர்லதான் பூக்கும், மியூரியல். உனக்கே தெரியும்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்க நாட்டுல சனிக்கிழமை கொடி வெட்டறது ஆகாதுன்னு சொல்வாங்க," என்றார். (இந்த வரியை எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுந்தது நான். அப்படி ஒரு சம்பிரதாயம் எங்கேயும் இருப்பதாக எனக்குத் தெரியாது.)

மெர்வினுடைய முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே! உங்க வழக்கத்த மதிக்காம இருப்போமா? நாளைக்கே வெட்டிடுவோம். வெள்ளிக்கிழமை ஒண்ணும் தப்பில்லையே?"

இரண்டு நாள் இருந்தது. நான் வாயைத் திறந்ததில் ஒரு ராத்திரி ஆகிவிட்டது.

6

க்வெண்டா நினைத்தது குஞ்சுகளைத்தான். கூட்டில் நான்கு குஞ்சுகள், பொரிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். காலையில் ஏணி வரும், கத்தி வரும். யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று சுற்றிலும் பார்த்தாள். கிளெமென்ட் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மியூரியல் கைப்பையில் எதையோ தேடினாள். இத்தனை பேருக்கும் பறவை ஒரு பொருட்டே இல்லை என்று அவள் நினைத்தாள். அந்த நிமிஷத்தில் ஊர் முழுவதையும் வெறுத்தாள்.

"அப்போ முடிவு பண்ணிடலாமா?" என்றார் மெர்வின்.

க்வெண்டா எழுந்தாள். நாற்காலி பின்னால் கவிழ்ந்தது.

"அங்க கூடு இருக்கு," என்றாள். "புள்ளி ஈப்பிடிப்பான். நாலு குஞ்சு. வெட்டக்கூடாது."

"எனக்குத் தெரியும்," என்றார் கிளெமென்ட்.

"உங்களுக்குமா?" என்றாள் மியூரியல்.

"எத்தன பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார் மெர்வின். ஒவ்வொரு கையாக மேலே வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அவரைத் தவிர எல்லாக் கையும்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "கூடு இருந்தா வெட்டறது சட்டப்படி குத்தம்னு எனக்கும் தெரியும். ரெண்டு தடவ சுத்திப் பாத்தேன், ஒண்ணும் கண்ணுல படல. கிளெமென்ட், உங்ககிட்ட நேராவே கேட்டேன். 'கூடு கீடு ஏதாச்சும் இருக்கா'ன்னு. நான் எதையும் பாக்கலன்னீங்க."

"கேட்டாலும் சொல்லக்கூடாதுங்கறதுதான வழக்கம்," என்றார் கிளெமென்ட் பரிதாபமாக.

"இங்கேயே பொறந்து வளந்தவன் நான். எங்கிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

"ஒன்ன மட்டும் ஒதுக்கலப்பா," என்றாள் மியூரியல். "நாங்க ஒருத்தர ஒருத்தரே ஒதுக்கிட்டுத்தான் இருந்தோம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மெர்வின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் க்வெண்டாவைப் பார்த்து, "நாளைக்கு எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். "எனக்கு அது பாக்க எப்படியிருக்கும்னே தெரியாது."

"அப்போ முதல் பரிசுக் கோப்பை?" என்றது ஒரு குரல்.

"ரெண்டாவது பரிசும் பரிசுதான். போன வருஷத்துப் பரிசு வச்ச அலமாரியிலயே எடம் இருக்கு," என்றார் மெர்வின்.

7

இதுவரை எழுதியதைக் க்வெண்டாவிடம் அவள் மொழியில் சொன்னேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"நாற்காலி எங்க கவுந்துச்சு?"

"கதைக்கு ஒரு சத்தம் வேணுமே."

"நான் ஓட்டின வண்டியில நெனச்ச எடத்துல ஸ்டாப் சேத்திருந்தா, அன்னைக்கே சாவிய வாங்கிட்டு அனுப்பியிருப்பாங்க."

"சரி. வேற?"

நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "குஞ்சுங்களத்தான் நெனச்சேன்னு எழுதியிருக்கீங்க. பாதிதான் நெசம். இந்த ஊர்ல என்னுதுன்னு இருந்தது அந்த ஒரு கூடுதான். சொல்லிட்டா அதுவும் எல்லாருதும் ஆயிடும்னு பயந்தேன். சொல்லாம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். அத எழுதுங்க."

"உங்களத் தப்பா நினைப்பாங்களே?"

"நினைக்கட்டும். நாற்காலி கவுந்தத விட அது பரவால்ல."

எழுதிவிட்டேன். நாற்காலியை எடுக்க மனம் வரவில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

அவள் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. மறுநாள் அவள் மெர்வினைக் கூட்டிப்போய்க் காட்டினாளாம். பைனாகுலரை முன்பின்னாக மாற்றிப் பிடித்துக்கொண்டு, 'ரொம்பச் சின்னதா இருக்கே' என்றாராம். சரியாகத் திருப்பிக் கொடுத்ததும் அரை மணி நேரம் அவரிடமிருந்து வாங்கவே முடியவில்லை. அதற்குள் கிளெமென்ட் வந்தார், மியூரியல் பிளாஸ்க்கோடு வந்தாள், ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இந்த ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் முறை வைத்துவிடுவார்கள். விடியலில் ஒருவர், மதியம் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று கூட்டுக்குக் காவல் ஏற்பாடாயிற்று. யார் முறை முடிந்தாலும் க்வெண்டா வீட்டில்தான் தேநீர், அவள் வீடுதான் பக்கம்.

8

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

அ. நடுவர்களில் ஒருவர் கழுத்தில் பைனாகுலர். சுவரைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் புன்னகைக்கிறார், முதல் பரிசு எங்களுக்கே. (ரொம்ப அழகாக இருக்கிறது. நானே நம்பமாட்டேன்.)

ஆ. பாதிரியார் வீட்டுப் பூனை. குண்டு, ஆரஞ்சு நிறம். காவலுக்கு இருந்தவர் கண் அயர்ந்த நேரம் பார்த்து அது சுவரில்— (முடிக்கவில்லை. நடக்கக்கூடியதுதான், இந்தப் பறவைகளுக்குப் பெரும்பாலும் நடப்பதும் இதுதான். ஆனால் கை ஓடவில்லை.)

இ. நான்கு குஞ்சும் பறந்துபோகின்றன. அடுத்த மே மாதம், ஆப்பிரிக்காவிலிருந்து பாலையையும் கடலையும்— (வேண்டாம்.)

ஈ.

'ஈ' என்று போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் தட்டுகிற சத்தம். மெர்வின். மூச்சு இரைக்க, புதிதாக வாங்கிய பைனாகுலர் மார்பில் ஆட, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிசுகிசுக்கிறார்.

"ஒண்ணு கூட்டு விளிம்புல வந்து நிக்குது! றெக்கைய அடிச்சுப் பாக்குது! க்வெண்டா எல்லாரையும் கூப்பிடச் சொன்னா. சீக்கிரம் வாங்க, பூனை மதில் மேல இருக்கு, ஆள் பத்தல!"

வாசகரே, நான் போகவேண்டும். முடிவு எழுதப் பேனாவும் தாளும் இதோ இருக்கின்றன, நீங்கள் உட்காருங்கள். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே நாங்கள் எத்தனை பேர் நின்றாலும், இங்கே தாளில் காவலுக்கு நீங்கள் ஒருவர்தான். பூனையை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.