விரதத்தில் ஓர் ஊசி

அன்று கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாகையாவாகிய நான், என் மனைவி அமுதவள்ளி, கன்டெய்னர் லோரி ஓட்டும் மகன் யுகேந்திரன், போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கும் மருமகள் புனிதா, பக்கத்து வீட்டு நூர்ஜஹான். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நூர்ஜஹான் உட்காரவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே. நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஃப்ளூ ஊசி. போக மாட்டேங்கிறாரு. ஊசி போடுற புனிதாவே போட்டுக்கலையாம், அதுல என்னமோ இருக்குன்னு பாசார்ல பேச்சாம். கிளினிக்ல காத்திருந்தவங்க பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்களாம்."

அவள் கணவர் ஷாஹுல் ஹமீதின் நுரையீரல் பழுதானது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த இருமல் அதன் வழியாக எங்களிடம் வந்துகொண்டே இருக்கும்.

என் குடும்பத்தின் பெயர் பாசாரில், மீன் காய்கறிக் கடைகளுக்கு நடுவில், அடிபடுவதா? வாசல்வரை போனேன். கேட்டைப் பூட்டினேன், திறந்தேன், திரும்பி வந்தேன். "உண்மையாம்மா?" என்றேன்.

"போட்டுக்கல மாமா." புனிதா தரையைப் பார்த்தாள். "எங்க கிளினிக்குக்கு வந்திருக்கிறது முட்டையில வளர்த்துச் செய்யற ஊசி. நான் விரதத்துல இருக்கேன். நர்ஸா இருந்துகிட்டு இதச் சொன்னா சிரிப்பாங்கன்னு, அப்புறம் போட்டுக்கறேன்னு மட்டும் சொல்லிட்டேன்."

யுகேந்திரன் சிரித்தான். "ஊசிய யாரு சாப்பிடுறா லா? ஆம்லெட்டா அது?"

"நீ வாய மூடு," என்றாள் அமுதவள்ளி. "ஒனக்காகத்தான்டா அவ நேர்ந்துகிட்டா."

போன வருடம் அவன் லோரி புரண்டபோது, தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகப் புனிதா வேண்டிக்கொண்டாள். தைப்பூசம் நெருங்கிய அந்த நாட்களில் அவளோடு வீடே விரதம் இருந்தது. முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூட உள்ளே விடாதவன் நான். எங்கள் வீட்டில் நேர்ந்தது நேர்ந்தபடி நடக்கும் என்று கோயில் கமிட்டியில் சொல்லியும் இருந்தேன். இப்போது அவளைப் போட்டுக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. போடாதே என்றும் வரவில்லை. சுவருக்கு அப்பால் இருமல் தொடங்கியது. நான் மறுபடி கேட்டுக்குப் போனேன்.

காலையில் புனிதா சீருடையோடு வந்து, பித்தளைக் குடத்தை என் மடியில் வைத்தாள்.

"நீங்க எடுங்க மாமா. வேண்டுதல் நம்ம வீட்டோடதுதானே. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வெளியே போய், "அங்கிள், ஏறுங்க. நான் மொதல்ல போட்டுக்கறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க," என்று ஷாஹுல் ஹமீதைக் காரில் ஏற்றினாள். கிளினிக்கில் எல்லோரும் பார்க்க இன்னொரு தாதியிடம் தன் கையை நீட்டினாள். பிறகு அவருக்குப் போட்டாள். கூடப் போயிருந்த நூர்ஜஹான் வந்து சொன்னாள்: "கண்ண இறுக்கி மூடிக்கிட்டது புனிதா இல்லண்ணே, எங்க வீட்டுக்காரரு."

ஊசி போட்டதால் புனிதா காய்ச்சலில் படுத்துவிட்டாள், அதனால்தான் நாகையா இந்த வயதில் பால்குடம் தூக்கினார் என்று பிரிக்பீல்ட்ஸ் வரை பேசுகிறார்களாம். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயில் படிகளில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள், வெறுங்கையோடு, என் தலைமேல் இருந்த குடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.