குழலுக்குள் ஒரு சாண்

இந்தக் காலத்தில் எவனுக்கும் கேட்டுவிட்டுத் தொடுகிற பழக்கம் கிடையாது. மேசையில் ஒரு துப்பாக்கி கிடந்தால் போதும். சூப்பு குடித்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக இரும்பின்மேல் வைப்பான். நூற்றைம்பது வருஷம் துரு ஏறாத இரும்பில் மறுவாரமே அவன் விரல் ரேகை சிவப்பாக எழும்பும். கேட்டால், "சும்மா பார்த்தேன் தாத்தா" என்பான். பார்க்கிறதுக்குத்தான் கண் இருக்கிறதே, கை எதற்கு?

ஆர்வில் ஸ்டாம்பா இப்படி முணுமுணுத்துக்கொண்டே தீயணைப்புக் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றார். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்கள் வருஷா வருஷம் மார்ச் மாதம் கூடுகிற இடம் அது. வயது எழுபத்தெட்டு. நாற்பது வருஷம் மரம் அறுக்கிற மில்லில் வேலை. அந்தச் சம்பளத்தில், அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட காலத்துத் துப்பாக்கிகள் பத்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு தடவையும் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். இன்று போர்வையில் சுற்றி எடுத்து வந்தது பதினொன்றாவது. அது வாங்கினதல்ல. தாத்தாவின் அப்பா ஹைரம் சண்டையிலிருந்து தோளில் சுமந்து வந்தது.

கொட்டகை நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் அதில் இடம். ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு இந்த வருஷம் ஆர்விலுக்குக் கிடைத்திருந்தது. பக்கத்தில் வைக்கிற அட்டையைத் தானே எழுதியிருந்தார். எழுத்துப்பிழை இருக்குமோ என்ற கூச்சத்தில் மகளிடம்கூடக் காட்டவில்லை. 'ஹைரம் ஸ்டாம்பா. கல் சுவருக்குப் பின்னால் நின்று நாற்பது தடவை சுட்டார். துப்பாக்கி உதைத்து உதைத்துத் தோள் நீலமாகிவிட்டது.'

வாசலில் லோர்னா மெட்ஸ்கர் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு துப்பாக்கியின் வாயிலும் ஒரு பித்தளைக் கம்பியை விடுவது அவள் வேலை. கம்பி அடியில் மோதி 'டிங்' என்றால் குழல் காலி. ஆர்விலும் அடுத்தவன் துப்பாக்கியில் கம்பி விட்டுப் பார்க்காமல் ஒரு டாலர் வெளியே எடுத்ததில்லை. ஆனால் இதில் மட்டும் விட்டதே இல்லை. "இதுக்குள்ள எதையும் விடாதே" என்பது தாத்தா சொன்னது.

"அதெல்லாம் வேணாம். வீட்டுத் துப்பாக்கி."

"யார் வீட்டுதா இருந்தா என்ன பெரியவரே? விட்டுத்தான் ஆகணும்."

கம்பி இறங்கியது. 'தொப்' என்றது. லோர்னா கட்டைவிரலால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்தாள். அடிவரை எட்டாமல் ஒரு சாண் குறைந்தது.

"உள்ள குண்டு இருக்கு. ஒண்ணு இல்ல, நாலு இருக்கும்."

"குளவிக்கூடா இருக்கும்" என்றார் ஆர்வில்.

"எடுத்துப் பார்த்துடலாமா?"

"பாரேன்! குளவியா இல்லயான்னு நீயே பாரு."

உள்ளே இருக்கிற மருந்து வெடிக்காதபடி, காபிக்கு வைத்திருந்த வெந்நீரைக் குழலில் ஊற்றி ஊறவைத்தாள். அரை மணி நேரம். அதற்குள் சேதி கொட்டகை முழுக்கப் பரவி, பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் கையுமாக எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதே பெட்டிக்காக ஆறு வருஷம் போட்டி போட்ட வெர்னன் ஷூயியும் வந்து நின்றான்.

லோர்னா முனையில் திருகு வைத்த கம்பியை இறக்கித் திருகி இழுத்தாள். வெள்ளை பூத்த ஈயக்குண்டு ஒன்று வந்தது. பின்னாலேயே அழுகின முட்டை நாற்றத்தோடு, மருந்து கரைந்த கறுப்புக் குழம்பு.

"சரி, ஒண்ணு இருக்கும். சண்டைக்குப் போறவன் காலியாவா வச்சிருப்பான்?" என்றார் ஆர்வில்.

இரண்டாவதும் வந்தது.

வெர்னன் சிரித்தான். "யோவ் ஆர்வில், உங்க ஆளு நாப்பது தடவை சுடலய்யா. நாலு தடவை இடிச்சிருக்காரு, அவ்வளவுதான்!"

"வாயை மூடு. உங்க ஆளு சமையல் வண்டி ஓட்டினவன்."

"ஓட்டினாரு. இல்லேன்னு நான் சொன்னேனா?"

லோர்னா சிரிக்கவில்லை. "பெரியவரே, இது நிறைய நடந்திருக்கு. சுத்தி இருக்கிறவங்க சுடுற சத்தத்துல தன்னோடது வெடிக்கலன்னே தெரியாம மேல மேல போட்டிருப்பாங்க. இல்லேன்னா எதிர்ல நிக்கிறவனைச் சுட மனசு வராம, குண்டு போடுறதை மட்டும் செஞ்சுக்கிட்டே இருந்திருப்பாங்க. அட்டையில அதையே எழுதுங்க. ஜனங்க நின்னு படிப்பாங்க."

"எங்க ஆளு பயந்தாங்கொள்ளின்னு நானே என் கையால எழுதணுமா?"

"பயம்னு நான் சொல்லலயே."

"வேற என்ன சொன்னே?" என்றார் ஆர்வில். "சண்டை முடிஞ்சு குவிச்சுப் போட்டதுல துப்பாக்கி மாறியிருக்கும். எவனோ ஒருத்தனோடது இது."

"அப்ப இந்தக் கட்டையில ஹெச்.எஸ்.னு கத்தியால கீறினது யாரு?" என்றான் வெர்னன். "போன வருஷம் பூரா எங்களுக்குக் காட்டிக்கிட்டே இருந்தியே?"

ஆர்வில் அந்த எழுத்தைப் பார்த்தார். மாறிய துப்பாக்கி என்றால் ஹைரமுடையது இல்லை. ஹைரமுடையது என்றால் குண்டும் ஹைரமுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எட்டுப் பேரும் மென்றுகொண்டே பார்த்தார்கள்.

லோர்னா திருகுக் கம்பியை மறுபடி எடுத்தாள்.

"போதும். கொடு இங்க."

"உள்ள இன்னும் ரெண்டு இருக்கு. அதை எடுக்காம உள்ள விட முடியாது."

"ரெண்டு இருக்குன்னு நீ கண்ணால பாத்தியா? நான் உள்ளயே வரல."

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றினார். கறுப்புத் தண்ணீர் போர்வையில் ஊறிச் சட்டையை நனைத்தது. எதையும் உள்ளே விடாதே என்று தாத்தா ஏன் சொன்னார்? குழல் தேய்ந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பார். வேறென்ன இருக்கப் போகிறது? அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

லோர்னா பின்னாலேயே ஓடிவந்து உள்ளங்கையை நீட்டினாள். "பெரியவரே, உங்க குண்டு."

"அது எங்க வீட்டுது இல்ல" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு நடந்தார்.