கயிற்றுக்கு வெளியே அரை மைல்

1

எங்கள் ஓட்டக் கழகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். "பழைய காலத்துச் சாம்பியன் யாரையாவது எழுதுங்க" என்றார் செயலாளர். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் சாம்பியன் வரவில்லை. இங்கிலாந்தில் பூட்டுக்குப் பேர்போன வில்லன்ஹாலிலிருந்து ஒரு பூட்டுத் தொழிலாளி வந்தான். ஜேபஸ் கிராடக், வயது இருபத்துமூன்று. எந்தப் பதிவிலும் அவனைத் தேடாதீர்கள், நான் உண்டாக்கிய ஆள். அவனைத் தடுத்த விதியை மட்டும் நான் உண்டாக்கவில்லை. விக்டோரியா ராணி காலத்தில் பணத்துக்காக ஓடாதவர்களுக்கான அமெச்சூர் பந்தயங்கள் பலவற்றில் கைத்தொழில் செய்பவன் ஓடக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "1878 ஏப்ரல். லண்டன் மைதானத்தை மூடுபனி—"

அடித்துவிட்டேன். லண்டன் என்றதும் கை தானாக மூடுபனி எழுதுகிறது. அன்று நல்ல வெயில்.

காலையில் அரை மைல் தகுதிச் சுற்றில் ஜேபஸ் முதலாவதாக வந்தான். பிற்பகல் இறுதிப் போட்டி. ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தவன் முன்னால் தலைமை நடுவர் மேஜர் ப்ளென்கின் வந்து நின்றார். கையில் அவனுடைய விண்ணப்பம். கண் அவன் விரல்களில். இரும்புத் தூள் ஏறிய நகத்தை எந்தச் சோப்பும் வெளுக்காது.

"குமாஸ்தான்னு போட்டிருக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி, நான் போயிடறேன்."

விண்ணப்பத்தை நிரப்பிய அக்கா கெசையா பக்கத்திலேயே நின்றாள். "சொல்லேன்டா!"

"பூட்டு செய்யறேன் ஐயா" என்றான் ஜேபஸ்.

மேஜர் பென்சிலை எடுத்தார். பெயரை அடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

3

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். ஏன் உண்மையைச் சொன்னான்? முதலில் அவனை உத்தமனாக்கிப் பார்த்தேன். "பொய் சொல்லிக் கிடைக்கும் வெற்றி எனக்கு—" வேண்டாம், பரிசளிப்பு விழாப் பேச்சு மாதிரி இருந்தது. கேட்கவேண்டியவள் கெசையா. கேட்டாள்.

"ஏன்டா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"ஜெயிச்சா பேப்பர்ல போடுவாங்கக்கா. குமாஸ்தா ஜெயிச்சான்னு போடுவாங்க. நம்ம தெருவுல ஒருத்தனாவது அது நான்தான்னு நம்புவானா?"

இதை நான் நம்புகிறேன். (உத்தமர்களைவிட வீம்புக்காரர்களை எழுதுவது எனக்குச் சுலபம்.)

4

துப்பாக்கி வெடித்தது. ஓடுபாதையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே ஐந்து பேர் ஓடினார்கள். வெளியே, கூட்டத்துக்குள், ஜேபஸும் ஓடினான். முதல் ஐம்பது கஜம் கெசையா குடையை நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். "வழி விடுங்க! வழி விடுங்க!" அதன் பிறகு கூட்டம் தானாகவே பிளந்தது.

முடிவுக்கோட்டு நாடாவை அறுத்தது லயனல் ஃபேர்பரன். வக்கீலுக்குப் படிக்கிறவன், போன வருடமும் அவன்தான். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஜேபஸிடம் வந்தான்.

"காது பூரா உன் காலடிச் சத்தம்தான். எவ்வளவு பின்னால இருந்தே?"

"பின்னாலயா?" ஜேபஸுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. "நான் வெளிவட்டம் சார். உங்களைவிட நாப்பது கஜம் கூட ஓடியிருக்கேன்."

ஃபேர்பரன் சிரித்தான். கணக்குப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

5

செயலாளருக்குப் பிடிக்கிற முடிவு ஒன்று எழுதி வைத்திருந்தேன். இருவரும் கைகுலுக்குகிறார்கள், அக்காவும் தம்பியும் ரயிலேறுகிறார்கள். கிழித்தேன். யார் வேகம் என்று தெரியாமல் எந்த இரண்டு ஓட்டக்காரர்களும் வீட்டுக்குப் போனதில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு இருவரும் கயிற்றுக்கு உள்ளே, தொடக்கக் கோட்டில் நின்றார்கள். மேஜர் வேகமாக வந்தார்.

"லயனல், இவனோட ஓடினா நீயும் அமெச்சூர் இல்ல. உன் பேரையும் நான் அடிக்கணும்."

ஃபேர்பரன் பதக்கத்தை எடுத்து அவர் கையில் வைத்தான். "அடிச்சுக்குங்க."

மேஜர் பதக்கத்தைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார். "நான் எதையும் பார்க்கல" என்று சொல்லி முதுகைக் காட்டி நின்றார்.

"ரயிலுக்கு நேரமாச்சு, ஓடித் தொலைங்க!" என்று கெசையா கைக்குட்டையை வீசினாள்.

முதல் சுற்றில் ஃபேர்பரன் ஒரு கஜம் முன்னால். இரண்டாவது சுற்றின் பாதியில் ஜேபஸ் அவன் தோளுக்கு வந்துவிட்டான். கடைசி வளைவில் இரண்டு பேர் காலடியும் ஒரே சத்தமாகக் கேட்டது. மேஜரால் தாங்க முடியவில்லை. திரும்பிவிட்டார்.

அவர் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதவேண்டும், எழுதினால் ஒருவன் பெயரை நானும் அடித்தவனாவேன். பென்சிலைக் கீழே வைக்கிறேன். கோட்டருகே நிற்கிறவர் நீங்கள். சொல்லுங்கள், யார் முன்னால்?