ஒச்சப்பன் அடைத்த வால்வு

1.

இந்தக் கதை ஓர் அறிவிப்பாகப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரைப் பக்கம்தான். மாடி வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டுவதற்காக எழுதினேன்: 'கீஸருக்கு அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுவது கோளாறு அல்ல. அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது.' மாடி வீட்டுக்காரர் ஒச்சப்பன் அதை இரண்டு முறை வாசித்தார்.

"ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு டீச்சர். நீங்கதேன் பத்திரிகையில கதையெல்லாம் எழுதுறீகளே. கதையா எழுதுங்க, படிக்கிறேன். புடிச்சிருந்தா அடைப்பைக் கழட்டுறேன்."

ஆகவே எழுதுகிறேன். அந்தமானில், கராச்சர்மாவில், அவர் வீட்டுக்கு நேர் கீழே, என் சமையலறை மேசையில். அவர் மகள் விஜயலட்சுமி நாளை காலை பத்து மணிக்கு ஆறு நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். வந்ததும் தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர்க் குளியல், அந்தக் கீஸரில். அதற்குள் கதை முடிய வேண்டும். முடிவதோடு ஒச்சப்பனுக்குப் பிடிக்கவும் வேண்டும். எந்த எழுத்தாளருக்காவது இப்படி ஒரு கெடு வைத்திருப்பார்களா?

2.

முதல் வரி, ஒன்று: 'சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாள் தாமதமாக வந்ததால் அந்தக் கீஸரும்...' வேண்டாம். கப்பல் தாமதமாவதெல்லாம் இங்கே ஒரு செய்தியா?

இரண்டு: 'குளியலறைச் சுவரில் மரணம் வெள்ளை நிறத்தில் தொங்கிக்கொண்டிரு...' சீச்சீ.

மூன்று: 'சூடானால் தண்ணீர் விரியும்.' எனக்கு மிகவும் பிடித்த வரி இது. கதை தொடங்க இதைவிட நல்ல வரி உலகத்திலேயே இல்லை என்பேன். (இயற்பியல் டீச்சர் வேறு எப்படிச் சொல்வாள் என்கிறீர்களா? சரி.)

3.

மாட்டிய நாளைச் சொல்கிறேன். பதினைந்து லிட்டர் கீஸர். பிளம்பர் சுவரில் போல்ட் அடித்துத் தொங்கவிட்டு, குளிர்ந்த நீர்க் குழாயைக் கீழே ஒரு பக்கமும் வெந்நீர்க் குழாயை மறுபக்கமும் இணைத்துவிட்டு, பக்கத்து ஊரான சிப்பிகாட்டில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி ஓடிவிட்டார். மீதியை நான் பார்த்துக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஸ்விட்சைத் தொடவில்லை. முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீரை உள்ளே விட்டேன். குழாய் சளி பிடித்தவரைப் போல இருமியது. உள்ளே இருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. பிறகு விட்டு விட்டுத் துப்பியது. பிறகுதான் ஒரே சீரான கம்பியாகத் தண்ணீர் விழுந்தது. அப்படி விழுந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். காலித் தொட்டியில் கரண்ட் விட்டால் உள்ளே இருக்கும் சூடாக்கும் சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும். குழாயை மூடி, இணைப்பு ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். அதற்கப்புறம்தான் ஸ்விட்ச்.

பத்து நிமிடத்தில் வால்வு சொட்ட ஆரம்பித்தது. நான் கைதட்டினேன். ஒச்சப்பன் முகம் இருண்டது.

(அடிக்குறிப்பு, ஆனால் இடம் இல்லாததால் நடுவிலேயே: பதினைந்து லிட்டர் தண்ணீர் நன்றாகச் சூடாகும்போது கால் லிட்டருக்கு மேல் பெருகுகிறது. கூடுதலாக ஒரு டம்ளர். அந்த டம்ளர் எங்கே போகும்? வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது. குளிர்ந்த நீர் வந்த பாதையில் ஒருவழிக் கதவு இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்த வால்வின் சின்ன மூக்கு ஒன்றுதான். அதன் வேலையே சொட்டுவது.)

4.

ஒச்சப்பன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் குடிநீர்ப் பிரிவில், தெருத் தெருவாக வால்வு திறந்து மூடும் வேலை பார்ப்பவர். வெயில் காலத்தில் எங்கள் பகுதிக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும். அதைத் திறந்துவிடுவது அவர் கை. வால்வைப் பற்றி இந்தத் தீவில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் போயும் போயும் ஒரு வால்வை அடைப்பாரா? கதையில் யார் நம்புவார்கள்?

ஆனால் அடைத்தார். நான் இருபது நிமிடம் விளக்கிய மறுநாள், வால்வின் மூக்கில் பித்தளை பிளக். டெஃப்லான் டேப் சுற்றி, மேலே பசை பூசி, அவ்வளவு நேர்த்தி. நான் கழற்றினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் பிளக், முன்னைவிட இறுக்கமாக.

"சொட்டுனா லீக்கு. லீக்குன்னா அடைக்கணும். சிம்பிள் பாத் ஹை டீச்சர், அம்புட்டுத்தேன்."

"அண்ணே, அதுல ஒரு டியூப் மாட்டி பக்கெட்டுல விடலாம். ஒரு சொட்டு வீணாகாது. டியூப்போட வாய் மட்டும் திறந்திருக்கணும்."

"பக்கெட்டு வச்சா லீக்கு இல்லேன்னு ஆயிருமா? ஊர் லீக்கையெல்லாம் அடைக்கிற ஒச்சப்பன் வீட்டுல சொட்டுதுன்னு டெலானிபூர் வரைக்கும் சிரிப்பாங்கெ."

மேலே உள்ள பக்கங்களைச் சாயங்காலம் வாசிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறிப்புகள். 'முகம் இருண்டது' என்ற இடத்தில்: 'இல்லை. நான் கறுப்புதான்.' வால்வின் மூக்கு என்ற இடத்தில்: 'மூக்கு ஒழுகினால் துடைக்க மாட்டீர்களா?'

5.

முடிவுகள்.

அ) கீஸர் வெடிக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோது அவரே கதவருகில் வந்து நின்றார்.

"நாளைக்கே வெடிச்சிருமா டீச்சர்? சத்தியமாச் சொல்லுங்க."

என்னால் கதையில்கூடப் பொய் சொல்ல முடியவில்லை. "நாளைக்கேன்னு சொல்ல முடியாது. சூட்டை நிறுத்த தெர்மோஸ்டாட் இருக்கு. அது பழுதானா கரண்டை வெட்ட இன்னொண்ணு இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவை சூடாகறப்பவும் அந்த ஒரு டம்ளர் தண்ணி தொட்டியை உள்ளேருந்து தள்ளும். என்னைக்கோ ஒரு நாள் எங்கேயாவது பிளக்கும். அன்னைக்குத் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கிட்டா, கொதிக்கிற தண்ணி அப்படியே ஆவியா..."

"அப்ப நாளைக்கு வெடிக்காது."

"அண்ணே!"

"நீங்கதேன் சொன்னீங்க."

ஆ) ஒச்சப்பன் பேத்தியின் பிஞ்சுக் காலைப் பார்த்து மனம் மாறி, கண்ணீர் மல்க, (ஓரத்தில் பென்சில்: 'நான் அழுதால் வீட்டில் வேலாயி சிரிப்பாள்.')

இ) ஒரு மேலதிகாரி வந்து உத்தரவிடுகிறார். (பென்சில்: 'மெயின்லேண்டிலிருந்து வந்த ஆளா? அவருக்கு என்ன தெரியும்?')

'முடிவை எழுதிக் கொடுங்கள், பார்த்துவிட்டுக் கழற்றுகிறேன்' என்று கடைசித் தாளின் அடியில் எழுதியிருந்தார். 'நீங்கள் கழற்றினால்தான் எனக்கு முடிவே கிடைக்கும்' என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினேன். அரசாங்கக் கோப்பு மாதிரி இரண்டு முறை மேலும் கீழும் போய்வந்தது.

6.

இன்று காலை ஒன்பதே கால். கதவில் தட்டல். ஒச்சப்பனின் மனைவி வேலாயி. இத்தனை பக்கத்தில் அவருக்கு ஒரு பேர் கொடுத்ததோடு சரி, ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை என்பது அவரைப் பார்த்ததும்தான் உறைத்தது.

"கதை முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"இல்லக்கா. அவர் அதுக்குள்ள கீஸரைப் போட்டுட்டாரா?"

"காலையில இருந்து போட்டுக்கிட்டேதேன் இருக்காக. சுடவே மாட்டேங்குது. டீச்சரு என்னமோ திருகி வச்சிருச்சுன்னு உங்களைத்தேன் திட்டுறாக." சேலை முந்தானையை அவிழ்த்தார். உள்ளே வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. "நேத்து மத்தியானமே புடுங்கிட்டேன். அரிசி டப்பாக்குள்ள கிடந்துச்சு."

நேற்று மத்தியானமே. நான் முதல் வரியை மூன்று முறை எழுதி அடித்துக்கொண்டிருந்தபோதே.

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீங்க எங்க கேட்டீங்க? ரெண்டு பேரும் தாளை மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க." கையை நீட்டினார். "கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஸ்பானரைக் குடுங்க. எந்தப் பக்கம் திருகணும்?"

"இடப் பக்கம். முதல்ல வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டுட்டு..."

"ஏன்?"

அந்தமானுக்கு வந்து பதினொரு வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நன்றாக 'ஏன்' என்று கேட்டதில்லை. சொன்னேன். உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் முதலில் அந்த வழியாக வெளியேறிவிடும் என்று. தலையாட்டிவிட்டு, ஸ்பானரையும் ஒரு முழம் டியூப்பையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

இப்போது ஒன்பது நாற்பது. மேலே பேச்சுச் சத்தம் பலமாக இருக்கிறது. "ஏ, விடு புள்ள அதை!" என்பது ஒச்சப்பன். பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஸ்பானர் இரும்பில் உரசும் சத்தம் கேட்கிறது. அந்தப் பசை சுலபத்தில் விடாது, எனக்குத் தெரியும். ஆட்டோ தெருமுனையில் திரும்புகிறது. அதற்கு மேல் இந்தக் கதையில் எனக்கு வேலை இல்லை. வேலாயியின் கையிலிருந்து முடிவைப் பிடுங்கி எழுதும் துணிச்சலும் இல்லை. குழந்தைக்குத் தண்ணீர் எடுத்துவைக்க ஆள் வேண்டியிருக்கும். மேலே போகிறேன்.