வேலுச்சாமி இருக்கும் இடத்தில் கதவு சாத்தாது

போர்மேன் வேலுச்சாமியைச் சுற்றி முப்பது அடிக்குள் எந்தக் கதவும் சாத்தாது. நாரணாபுரத்தில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒன்பதாம் நம்பர் ஷெட் எரிந்த எட்டாம் நாள் இது ஆரம்பித்தது.

அந்த ஷெட்டுக்கு நாலு பக்கமும் வாசல். உள்ளே நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீ வந்தால் அவரவர் பக்கத்து வாசலில் வெளியே விழ வேண்டியது, அவ்வளவுதான். வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. ஷெட் எரிந்த அன்று பதினோரு மணிக்குத் திடீரென்று தூறல் போட்டது. முற்றத்தில் கிடந்த சரக்குப் பெட்டிகள் நனைந்துவிடும் என்று பதறி, வேலுச்சாமி அவற்றைத் தூக்கிவந்து மேற்கு வாசலை அடைத்து அடுக்கினார். "அஞ்சு நிமிசந்தான்" என்றார். இந்தப் பக்கத்தில் நெருப்பைவிட மழைக்குத்தான் பயம் அதிகம். தூறல் நின்றது, பெட்டிகளை யாரும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு பட்டாசு மருந்து உரசித் தீப்பிடித்தபோது மூன்று பேர் மூன்று வாசலில் வெளியே விழுந்தார்கள். மேற்கே உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி வரவில்லை.

எட்டாம் நாள் விசாரணைக்கு வந்த அதிகாரி மேற்கு வாசலைப் பற்றிக் கேட்டார். "கதவு தொறந்துதான் சார் இருந்துச்சு. அந்தப் புள்ளதான் பதட்டத்துல எந்திரிக்கல" என்றார் வேலுச்சாமி. அதிகாரி எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று கேட்டுப் பயனில்லை, எழுதுவதுதான் அவர் வேலை. அன்று சாயங்காலம் வேலுச்சாமி வீட்டுக் கதவைச் சாத்தினார், திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போட்டார், வளைந்து விலகியது. தச்சர் வந்து தள்ளிப் பார்த்தார். கதவில் கோளாறு இல்லை, அந்தப் பக்கம் யாரோ பலம் கொண்ட மட்டும் தள்ளுகிறார்கள், விளிம்பும் சுடுகிறது என்று சொல்லி, உளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

இரண்டு வருசம் இப்படிப் போனது. பஸ்ஸில் ஏறினால் கதவுகள் திறந்துகொள்ளும். "அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன், எறங்கிக்கிடுங்க. ஒங்களால இருக்கன்குடி கோயிலுக்குப் போறவன் பூரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவான்" என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அவர் இறங்கி நடந்தார். பிறகு மகள் வேல்விழி பிரசவத்துக்கு வந்தாள். குழந்தைக்கு இருபது நாளானபோது தெருநாய் உள்ளே வந்து தொட்டிலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. "அப்பா, ஒண்ணு கதவு இருக்கட்டும், இல்ல நீங்க இருங்க" என்றாள் அவள். பேரனோடு ஒரே கூரையின்கீழ் இருக்க வேறு வழி தெரியாமல், வேலுச்சாமி ஆனைக்குட்டத்துக்குப் போய்ப் பாண்டிச்செல்வியின் தாய் சண்முகத்தாயைப் பார்த்தார்.

"வாங்கண்ணாச்சி. நீங்க முக்கு திரும்பயிலயே கதவு சொல்லிருச்சு."

"வாசல அடச்சது நாந்தான், தாயி."

"தெரியும். எம்மக உள்ளங்கையில அட்டப்பெட்டி ஒட்டிக் கெடந்துச்சு."

"சொல்லிட்டேன்ல. அவளக் கதவ விடச் சொல்லு."

"ஓகோ, அதுக்குத்தான் வந்தீகளாக்கும்! எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? எழுதுனவுககிட்டப் போயிச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவ விடலன்னா, அவளுக்கு இங்கன இன்னும் சோலி இருக்குன்னு வச்சுக்கிடுங்க."

போய்ச் சொன்னார். கேஸ் போட்டார்கள். ஜெயிலில் ஒரு அறையும் பூட்ட முடியவில்லை என்பதால் பதினேழாம் நாள் ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள். உண்மை சொன்னபிறகும் வீட்டுக் கதவு சாத்தவில்லை.  வேல்விழி ஒரு பழைய சேலையை வாசலில் கட்டி, நாய்க்கு ஒரு கம்பைச் சாத்தி வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

அடுத்த சீசனுக்கு, வேலுச்சாமி முற்றத்தில் இருந்தால்தான் ஷெட்டுக்குள் உட்காருவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். "அந்தாளு மேல கேஸ் இருக்கு" என்றார் முதலாளி மணிகண்டராஜ். "இருக்கட்டும் மொதலாளி. நீங்க வேணா அவுக எடத்துல ஒக்காந்து கதவத் தொறந்து காட்டுங்க" என்றாள் அவர்களில் ஒருத்தியான கற்பகவல்லி. அதுமுதல் அவர் காலை எட்டிலிருந்து ஐந்து வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது அவசரத்துக்கு வாசலில் பெட்டியை வைத்தால் அது தானே நகர்ந்து வெளியே போய் மழையில் நனைகிறது. திட்டிக்கொண்டு எடுத்துப் போகிறார்கள்.

திரும்பக் கட்டிய ஒன்பதாம் ஷெட்டுக்குச் சண்முகத்தாய் வேலைக்கு வந்தாள். அவளோடு கற்பகவல்லியும் இன்னொருத்தியும். தீபாவளி நெருங்கியதும் முதலாளி புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, மேற்குப் பக்கம் உட்காரச் சொன்னார்.

"நாலு பேரு இருக்கோம்ல, எடம் இல்ல" என்றாள் சண்முகத்தாய், கையில் இருந்த வேலையை விடாமல்.

மணிகண்டராஜ் எண்ணிப் பார்த்தார். மூன்று பேர்தான் இருந்தார்கள். சட்டப்படி நாலுக்கு மேல் கூடாது என்று சொல்லி, அந்தப் பெண்ணைப் பத்தாம் ஷெட்டுக்கு அனுப்பினார்.